புரொஜெக்டர் மூடிய பிறகு: சிங்கப்பூரில் உலக சினிமாவை அரங்கிலும் வீட்டிலும் பார்ப்பது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈசூனில் பெற்றோருடன் வீவக அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் இளைஞர் ஒருவர், தி புரொஜெக்டர் என்ற சுயாதீனத் திரையரங்கு மூடப்பட்டதிலிருந்து நல்ல அயல்மொழிப் படங்களைப் பெரிய திரையில் பார்க்கும் வழி அடைபட்டுவிட்டதாக வருந்துகிறார். சுயாதீனப் படங்களையும் பழைய உலக சினிமாவையும் இங்கிருந்தபடி தொடர்ந்து பார்க்க இனி என்ன செய்யலாம், வீட்டில் எந்தச் சந்தா எடுத்தால் போதும், ஆங்கில சப்டைட்டிலை வேகமாக வாசிக்க முடியாத பெற்றோரை இதில் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பன அவருடைய கேள்விகள்.

வருத்தம் நியாயமானது. பீச் ரோட்டில் கோல்டன் மைல் டவரின் ஐந்தாம் மாடியில், 1973-இல் திறக்கப்பட்ட பழைய கோல்டன் தியேட்டர் இருந்த இடத்தில், 2014-இல் தொடங்கிய புரொஜெக்டர் 2025 ஆகஸ்ட் 19 அன்று மூடப்பட்டது. அடுத்த மாதத் தொடக்கத்திலேயே கேத்தே சினிபிளெக்சஸ் அரங்குகளும் நின்றுபோயின. செலவு ஏறியதும், பார்வையாளர்கள் வீட்டுத் திரைக்குப் பழகிவிட்டதும் இரண்டுக்கும் பொதுவான காரணங்கள். ஆனால் எதை இழந்தோம் என்பதைத் துல்லியமாகப் பார்க்க வேண்டும். ஓர் அயல்மொழிப் படம் இரண்டு மூன்று வாரங்கள் ஓடி, நண்பர் சொல்லக் கேட்டு நாமும் போய்ப் பார்க்கக்கூடிய அவகாசம்தான் பெரிதும் போயிற்று. படங்கள் வருவது நின்றுவிடவில்லை. அவை இப்போது பெரும்பாலும் ஆவணக் காப்பகம், திரைப்பட விழா, பண்பாட்டு நிலையம் ஆகியவற்றின் வழியாக, ஒரு காட்சி அல்லது இரண்டு காட்சிகளுக்கு மட்டும் வருகின்றன. ஆகவே இந்த வார இறுதியில் என்ன ஓடுகிறது என்று வெள்ளிக்கிழமை மாலையில் தேடும் பழக்கத்தை விட்டுவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன்பே நாள்காட்டியில் குறித்துவைக்கும் பழக்கத்துக்கு மாற வேண்டும். என் பதில் முழுவதும் இந்த ஒரு கருத்தைச் சார்ந்ததே: ஒருமுறை மட்டும் வருவதை அரங்கில் பாருங்கள், எப்போதும் கிடைப்பதை வீட்டுக்கு ஒதுக்குங்கள்.

அந்த நாள்காட்டியில் முதலிடம் பெற வேண்டியது ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம். 2005-இல் தொடங்கப்பட்டு, 2014 முதல் தேசிய நூலக வாரியத்தின்கீழ் இயங்கும் இந்த அமைப்பு, கேனிங் ரைஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்தில் ஓல்டம் திரையரங்கை நடத்துகிறது. அரங்கு சிறியது, ஆனால் எந்தப் படத்தை எந்தப் பிரதியில், எந்த வரிசையில் காட்ட வேண்டும் என்று யோசித்துக் காட்டுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். மீட்டெடுக்கப்பட்ட ஆசியப் படங்களுக்கென்றே அவர்கள் நடத்தும் தொடரில், தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், இலங்கை, இந்தியா என்று நம் பக்கத்து நாடுகளிலிருந்து வரும் பழைய படங்களை, அவற்றின் இயக்குநர்களே பார்த்திராத அளவுத் தெளிவில் பார்க்க வாய்க்கலாம். கேத்தே-கெரிஸ் நிறுவனத்தின் பழைய மலாய்ப் படங்களைப் பாதுகாத்து வருவதும் இந்தக் காப்பகமே. அந்தத் தொகுப்பு 2014-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. உலக சினிமா என்றதும் பிரான்சையும் இத்தாலியையும் மட்டும் நினைப்பவர்கள், நாம் குடியிருக்கும் ஊரிலேயே ஒரு முழுத் திரைப்படத் தொழில் இருந்து மறைந்ததை இங்கே தெரிந்துகொள்ளலாம். அவர்களுடைய மின்னஞ்சல் மடலுக்குப் பதிந்துகொள்ளுங்கள். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்தது சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழா. 1987-இல் தொடங்கி, 1991 முதல் ஆசியப் படங்களுக்கென்று போட்டிப் பிரிவு நடத்தி, இடையில் தடைப்பட்டு, 2014-இல் மீண்டும் எழுந்த விழா இது. பெரும்பாலும் நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் நடக்கும். விழாவில் பலர் செய்வது, பிரான்சின் கான் திரைப்பட விழாவில் பரிசு வாங்கிய படத்துக்கு முதல் நாளே நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டு மற்றவற்றைத் தவறவிடுவது. பரிசு வாங்கிய படம் எப்படியும் சில மாதங்களில் ஏதாவது ஒரு தளத்துக்கு வந்துசேரும். வியட்நாமிலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ வரும் ஒருவரின் முதல் படம் அந்த ஒரு மாலையோடு உங்கள் கண்ணுக்கு எட்டாமல் போய்விடக்கூடும். இயக்குநர் அரங்குக்கு வந்து கேள்விக்குப் பதில் சொல்லும் காட்சியாக இருந்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள்.

இவற்றைத் தவிர, 1958 முதல் இயங்கும் சிங்கப்பூர் திரைப்படச் சங்கம் உறுப்பினர்களுக்காகவும் பொதுமக்களுக்காகவும் படங்களைத் திரையிடுகிறது. ஐரோப்பிய ஒன்றிய விழா, ஜப்பானியத் திரைப்பட விழா, கதே நிலையத்தின் ஜெர்மன் விழா, நியூட்டன் அருகே சார்கீஸ் ரோட்டில் சொந்த அரங்கு வைத்திருக்கும் பிரெஞ்சுப் பண்பாட்டு நிலையமான அலியான்ஸ் பிரான்சேஸ் ஆகியவற்றையும் கவனத்தில் வையுங்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் 2008 முதல் நடத்தும் பெர்ஸ்பெக்டிவ்ஸ் விழாவின் தேர்வுகளில் ஒரு துணிச்சல் இருக்கும். குறும்படங்களில் நாட்டமுள்ளவர்கள் மிடில் ரோட்டில் உள்ள அப்ஜெக்டிஃப்ஸ் நிலையத்தை அறிந்திருக்க வேண்டும். தென்கிழக்காசியக் குறும்படங்களை அவர்கள் இணையத்திலும் பார்க்கக் கொடுக்கிறார்கள்.

கோல்டன் வில்லேஜ், ஷா போன்ற வணிக அரங்குகளையும் ஒதுக்கிவிட வேண்டாம். அவர்களும் அவ்வப்போது அயல்மொழிப் படங்களையும் பழைய படங்களின் புதிய பிரதிகளையும் வெளியிடுகிறார்கள். ஆனால் அந்தப் படங்களுக்கு முதல் வார இறுதியே விதியை எழுதிவிடுகிறது. வியாழக்கிழமை வெளியாகி ஞாயிற்றுக்கிழமைக்குள் கூட்டம் சேராவிட்டால், அடுத்த வாரம் வேலைநாள் பிற்பகல் இரண்டு மணிக் காட்சி ஒன்றுதான் மிஞ்சும். பார்க்க விரும்பினால் முதல் மூன்று நாளில் போய்விடுங்கள். அது அந்தப் படத்துக்கு நீங்கள் செய்யும் உதவியும்கூட.

தணிக்கை பற்றி ஒரு வார்த்தை. 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமான ஆர்21 தரம் பெற்ற படங்கள் குடியிருப்புப் பேட்டைகளில் உள்ள அரங்குகளில் காட்டப்படுவதில்லை. அவற்றுக்கு நகர மையத்துக்குத்தான் போக வேண்டும். இன்னொன்று, பெரிய கூட்டத்தைச் சேர்க்க விரும்பும் விநியோகஸ்தர்கள் சில வேளைகளில் தாங்களே சில காட்சிகளை வெட்டிக் குறைந்த தரத்தைப் பெற்றுக்கொள்வதுண்டு. நுழைவுச்சீட்டு வாங்குமுன், இங்கே அறிவிக்கப்பட்டுள்ள ஓட்ட நேரத்தை அந்தப் படத்தின் அசல் ஓட்ட நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விழாக்களில் பெரும்பாலும் முழுப் படமே காட்டப்படுகிறது என்பது விழாவுக்குப் போவதற்கான மற்றொரு காரணம்.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று சலிப்பவர்களுக்கு நான் எப்போதும் ஒரு வரலாற்றைச் சொல்வேன். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1943-இல், ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு ராணுவத்தின் ஆணைப்படி சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றிய ஒரு பிரசாரப் படத்தை எடுப்பது அவருக்கு இடப்பட்ட வேலை. மலாயாத் தோட்டங்களிலிருந்தும் இந்நகரத்திலிருந்தும் ஏராளமான தமிழர்கள் சேர்ந்திருந்த ராணுவம் அது. தோபி காட்டில் நாம் இன்றும் முகப்பைக் கடந்துபோகும் பழைய கேத்தே கட்டடத்தில்தான் அதே ஆண்டு ஜூலை 4 அன்று நேதாஜி தலைமையை ஏற்றார், அக்டோபர் 21 அன்று தற்காலிக அரசை அறிவித்தார். போரின் போக்கு மாறியதால் ஓசுவின் படம் கைவிடப்பட்டது. வேலையற்றுப்போன அந்த மாதங்களில் அவர், ஜப்பானியர் கைப்பற்றி வைத்திருந்த அமெரிக்கப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார். ‘சிட்டிசன் கேன்’ படத்தை அவர் பார்த்தது இந்த ஊரில்தான். பத்தாண்டு கழித்து ‘டோக்கியோ ஸ்டோரி’யை எடுக்கப்போகிற கலைஞர், போரும் பஞ்சமும் சூழ்ந்த சிங்கப்பூரில் உட்கார்ந்து, கிடைத்த படத்தை முழுக் கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். தோல்விக்குப் பிறகு தடுப்புக் காவலில் இருந்து, 1946-இல் தாயகம் திரும்பினார். உலக சினிமா நமக்கு வெளியூர்ச் சரக்கு என்று யாரேனும் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். ஒரே ஒரு சந்தாதான் எடுக்க முடியும் என்றால், உலக சினிமாவுக்கான இணையத்தளமான முபி எடுங்கள். ஒரு நாளுக்கு ஒரு படம் என்ற முறையில் முப்பது படங்களை மட்டும் வைத்திருந்த அந்தத் தளம், 2020 முதல் தன் பழைய படங்களையும் நிரந்தரமாகத் திறந்து வைத்திருக்கிறது. கிரைட்டீரியன் சேனல் இதைவிடப் பெரிய கருவூலம் என்பது உண்மை. ஆனால் 2019-இல் தொடங்கிய அந்தச் சேவை அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மட்டுமே உரியது, இங்கிருந்து சந்தா கட்ட முடியாது. அதை எண்ணி ஏங்குவதை விட்டு, முறையாகவும் இலவசமாகவும் கிடைப்பவற்றைப் பாருங்கள். கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தன் செவ்வியல் படங்களை ஆங்கில சப்டைட்டிலோடு யூடியூபில் வைத்திருக்கிறது. ரஷ்யாவின் மோஸ்ஃபில்ம் நிறுவனமும் அப்படியே செய்திருக்கிறது. பாரிஸின் திரைப்படக் காப்பகமான சினமாதெக் பிரான்சேஸ், 2020-இல் ஆன்ரி என்ற இலவசத் தளத்தைத் திறந்தது. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் நூற்றுக்கணக்கான ஆவணப்படங்களையும் அசைவூட்டப் படங்களையும் பார்க்கக் கொடுக்கிறது. இவற்றை ஒழுங்காகப் பார்த்து முடிக்கவே சில ஆண்டுகள் ஆகும்.

சந்தாத் தளங்களில் படங்கள் உரிமம் முடிந்ததும் மறைந்துவிடும். திரும்பத் திரும்பப் பார்க்க விரும்பும் பத்துப் பதினைந்து படங்களையாவது வட்டாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இதில் சிங்கப்பூருக்கு ஒரு வசதி இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. புளூரே வட்டுகளில் சிங்கப்பூர், அமெரிக்கா, ஜப்பான், கொரியா எல்லாம் ஒரே ஏ மண்டலம். ஆகவே அமெரிக்காவில் வெளியாகும் கிரைட்டீரியன் புளூரே வட்டு, இங்கே கடையில் வாங்கிய சாதாரணக் கருவியிலேயே ஓடும். பிரிட்டனில் வெளியாகும் வட்டுகள் பெரும்பாலும் பி மண்டலம், இந்தியா சி மண்டலம் என்பதால் அவற்றை வாங்குமுன் உறையின் பின்பக்கக் குறியைப் பார்க்க வேண்டும். 4கே வட்டுகளுக்கு மண்டலக் கட்டுப்பாடே கிடையாது. பழைய டிவிடிகள்தான் சிக்கல்: நாம் மூன்றாம் மண்டலம், அமெரிக்கா ஒன்று, பிரிட்டன் இரண்டு, இந்தியா ஐந்து. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது விலையோடு 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். திரைப்படச் சட்டத்தின் வகைப்பாட்டு விதிகள் வட்டுகளுக்கும் பொருந்தும். கடுமையான தரம் பெறக்கூடிய படமானால், தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் இணையத்தளத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஓட்ட நேரத்தை ஒப்பிடச் சொன்னேன் அல்லவா, அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பிரிட்டனிலும் இந்த வட்டாரத்திலும் வெளியான, பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் அமைந்த பழைய டிவிடிகள், நொடிக்கு 24 சட்டகமாக எடுக்கப்பட்ட படத்தை 25 சட்டகமாக ஓட்டும். அதனால் 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் சற்றே மேலேறி ஒலிக்கும். அங்கே எதுவும் வெட்டப்படவில்லை. இசைக்கு முக்கியத்துவம் உள்ள படமானால் அந்தப் பிரதியைத் தவிர்த்து புளூரேயைத் தேடுங்கள்.

பிரதியைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சத்யஜித் ராயின் அப்பு முப்படங்களின் மூல நெகட்டிவ்கள் 1993-இல் லண்டனில் ஒரு படப்பதனிடும் கூடத்தில் நேர்ந்த தீவிபத்தில் கருகிச் சிதைந்தன. பயனற்றவை என்று யாரும் எறிந்துவிடாமல் அமெரிக்காவில் பாதுகாக்கப்பட்ட அந்தச் சுருள்கள், பின்னர் இத்தாலியின் போலோன்யா நகரில் ஈரப்பதம் ஊட்டப்பட்டு, கையால் ஒட்டிச் செப்பனிடப்பட்டன. ‘பாதேர் பாஞ்சாலி’யில் ஏறக்குறைய 40 விழுக்காடும், ‘அபராஜிதோ’வில் 60 விழுக்காட்டுக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே மீட்கப்பட்டு, மற்ற பகுதிகள் வேறு நல்ல பிரதிகளிலிருந்து நிரப்பப்பட்டு, 2015-இல் 4கே பிரதிகள் வெளிவந்தன. மங்கிய நாடாப் பிரதியில் ‘பாதேர் பாஞ்சாலி’யைப் பார்த்து, வறுமையைக் காட்டும் படம் என்று மட்டும் எண்ணிவிட்டவர்கள், புதிய பிரதியில் குளத்து நீரில் பூச்சி துள்ளும் காட்சியைப் பார்க்க வேண்டும். மீட்டெடுத்த பிரதி எங்கே, யாரால், எந்த ஆண்டில் தயாரிக்கப்பட்டது என்று படம் தொடங்குமுன் வரும் அறிவிப்பை வாசியுங்கள். தமிழில் இப்படி மீட்கப்பட்ட படங்கள் மிகக் குறைவு என்பது எனக்குத் தீராத வேதனை.

தொலைக்காட்சியிலும் ஒரு சிறு வேலை இருக்கிறது. புதிய பெட்டிகள் பல, சட்டகங்களுக்கிடையே தாமாகவே புதுச் சட்டகங்களை நுழைத்து, திரைப்படத்தைத் தொலைக்காட்சித் தொடர்போல வழவழப்பாக்கிவிடுகின்றன. அமைப்புகளுக்குள் போய் அந்த வசதியை நிறுத்துங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் என்ற அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். 1950-க்கு முந்திய படங்கள் பெரும்பாலும் சதுரத்துக்கு நெருங்கிய சட்டக வடிவில் எடுக்கப்பட்டவை. இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிவதே சரி; திரையை நிரப்ப இழுத்துவிட்டால் முகங்கள் அகன்றுவிடும். இரவில் அண்டை வீட்டாரை எண்ணி ஒலியைக் குறைக்க நேர்ந்தால் நல்ல காதொலிக் கருவியைப் பயன்படுத்துங்கள். விளக்கை அணையுங்கள், தொலைபேசியை வேறு அறையில் வையுங்கள்.

எதைப் பார்ப்பது என்பதற்கு, தலைசிறந்த நூறு படங்கள் போன்ற பட்டியல்களை நான் பரிந்துரைப்பதில்லை. ஓர் இயக்குநரைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து படங்களைத் தொடர்ந்து பார்த்தால், அவர் எதைத் திரும்பத் திரும்பத் தேடுகிறார் என்பது புரிபட்டு, கண் பழகிவிடும். ஒளிப்பதிவாளர் செழியன் ஆனந்த விகடனில் எழுதிய ‘உலக சினிமா’ தொடர் ஒரு தலைமுறைத் தமிழ் வாசகர்களுக்கு இந்த வாசலைத் திறந்தது. நூலாகவும் வந்திருக்கிறது, படித்துவிட்டுத் தொடங்கலாம். தமிழ்ப் படங்களின் வரலாற்றுக்கு சு. தியடோர் பாஸ்கரனின் ‘எம் தமிழர் செய்த படம்’ இருக்கிறது. நம் ஊர்த் தமிழையும் மறக்க வேண்டாம். எரிக் கூ இயக்கிய ‘மை மேஜிக்’ 2008-இல் கான் விழாவின் முதன்மைப் போட்டிக்குத் தேர்வானது. அந்த இடத்தை எட்டிய முதல் சிங்கப்பூர்ப் படம் பெரும்பகுதி தமிழில் பேசுகிற படம். கே. ராஜகோபாலின் ‘எ யெல்லோ பேர்ட்’ 2016-இல் அதே நகரில் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. இந்தப் படங்கள் மறுபடி திரையிடப்படும்போது அரங்கு நிறைந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பெற்றோரைச் சேர்த்துக்கொள்வது பற்றி. தமிழ் சப்டைட்டில் சில பெரிய தளங்களில் சில படங்களுக்கு மட்டுமே கிடைக்கிறது, பழைய படங்களுக்கு அநேகமாக இல்லை. ஆகவே படத்தைத் தேர்வதில்தான் தீர்வு இருக்கிறது. பேச்சுக் குறைந்த படங்களும், காதுக்கு ஓரளவு பழகிய மொழியில் உள்ள படங்களும் அவர்களுக்குப் பொருந்தும். இயக்குநர் அரவிந்தனின் மலையாளப் படங்கள் இந்த இரண்டு தகுதியும் உடையவை. சர்க்கஸ் கூடாரம் ஒன்று கிராமத்துக்கு வந்து போவதைச் சொல்லும் ‘தம்ப்’ (1978) 2022-இல் மீட்கப்பட்டு கான் விழாவில் காட்டப்பட்டது. குழந்தைகளும் ஒரு மாயக்காரரும் வரும் ‘கும்மாட்டி’ (1979) 2021-இல் மீட்கப்பட்டது. நண்பனின் நோட்டுப் புத்தகத்தைத் தவறுதலாக எடுத்துவந்துவிட்ட சிறுவன் அதைத் திருப்பிக் கொடுக்க அடுத்த ஊருக்கு ஓடும், ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமியின் ‘வேர் இஸ் த ஃபிரெண்ட்ஸ் ஹவுஸ்’ (1987) படத்துக்கு, முதல் பத்து நிமிடம் நீங்கள் தமிழில் சொல்லிக்கொடுத்தால் போதும். பிறகு கதை தானாகவே ஓடும். சாப்ளினின் மௌனப் படங்களுக்கு அதுவும் வேண்டியதில்லை.

‘டோக்கியோ ஸ்டோரி’யைச் சற்றுப் பழகிய பின் காட்டுங்கள். பேச்சு அதிகம், ஆனால் வாக்கியங்கள் சிறியவை, முகங்கள் நிதானமாகக் காட்டப்படுபவை. வசனத்தை நீங்கள் மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வரலாம். வேலையில் மூழ்கிய பிள்ளைகளைப் பார்க்கத் தொலைவிலிருந்து வரும் முதிய தம்பதியின் கதை என்பதால் அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படம் என்பதால், சனிக்கிழமை மாலை விளக்கு வைத்த கையோடு தொடங்கி, நடுவில் காப்பிக்கு ஒருமுறை நிறுத்திக்கொள்ளுங்கள்.